கன்னை மூடினால் நிற்கும் எஞ்சின்

எது நின்றுபோகிறதோ அதைத்தான் ஊர் குறை சொல்லும். எங்கள் வாட்டர் சர்வீஸில் நின்றது எஞ்சின். அதனால் எல்லோரும் எஞ்சினைத் திட்டினார்கள். நானும் திட்டினேன்.

ஆனையூரைத் தாண்டி ரோட்டோரம் ஒரு கிணறு, ஒரு தொட்டி, ஒரு தகரக் கொட்டகை. நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து போட்ட தொழில். லாரியும் பஸ்ஸும் கழுவுவோம். அப்போது கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். மோட்டாரை நம்பாமல் டீசல் எஞ்சின் வைத்திருந்தோம். காலையில் அதுதான் கிணற்றிலிருந்து தொட்டியை நிரப்பும். பிறகு பெல்ட்டை மாற்றிப் போட்டால் பிரஷர் பம்பை ஓட்டும்.

மழை பொய்த்த வருஷம். லாரிக்காரர்கள் கண்மாய்களில் கிடந்த கொஞ்ச நஞ்சத் தண்ணீரில் அவர்களே கழுவிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரு பஸ் முதலாளி. ஆயுத பூஜைக்குள் என் வண்டி எல்லாவற்றையும் அடிவரை கழுவித் தர வேண்டும், முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். அவரும் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான்.

பூஜை நெருங்கும்போது பார்த்து இந்தக் கோளாறு. துப்பாக்கி மாதிரிக் கையில் பிடிக்கும் கன்னைத் திறந்து தண்ணீர் அடிக்கும்வரை எஞ்சின் ஓடும். சேற்றைச் சுரண்டவோ சோப்புப் போடவோ கன்னை மூடினால் போச்சு. கருப்பாகப் புகையைக் கக்கி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிடும். மறுபடி ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். ஒரு பஸ் முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

டவுனிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். டேங்கைக் கழுவினார். அப்புறம் நாசில் என்றார், மாற்றினார். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். பெல்ட் இல்லாமல் ஓட்டிக்காட்டி, இனி உங்கள் பேரன் காலம்வரை ஓடும் என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். பெல்ட்டைப் போட்டுக் கன்னை மூடினேன். நின்றது. எட்டி உதைத்தேன். கால்தான் வீங்கியது.

வீங்கின காலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தி வந்தது. பெல்ட் இல்லாவிட்டால் ஓடுகிறது. பெல்ட் போட்டாலும் தண்ணீர் வெளியே போகும்வரை ஓடுகிறது. மூடினால் மட்டும் சாகிறது. அப்படியானால் எஞ்சினுக்கு நோயில்லை, கழுத்தை எதுவோ நெரிக்கிறது. கன்னை மூடினாலும் பம்பு தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அந்தத் தண்ணீர் ரிலீஸ் வால்வு வழியாக ஒரு ரப்பர் ஓஸில் இறங்கிக் கொட்டகைக்குப் பின்னால் வாய்க்காலில் விழ வேண்டும். போய்ப் பார்த்தேன். எப்போதும் சொதசொதவென்று கிடக்கும் இடம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வால்வின் தலையில் இருந்த திருகில் புதிதாக ஸ்பானர் பட்ட தடம்.

"இத யாரு மாப்ள முறுக்குனது?"

"நாந்தான் மச்சான். தண்ணி சும்மா போகுதுல்ல."

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டபிறகு சொன்னான். தெருக்குழாய் வறண்டு, பெண்கள் குடத்தோடு ரோட்டில் அலைந்த நேரம். ஒருத்தி அந்த ஓஸைப் பார்த்து நின்றிருக்கிறாள். "மனுசருக்கு ஒரு கொடத்துக்கு வழியில்ல, இவுக பஸ்ஸக் குளிப்பாட்டுனது போக வாய்க்காலுக்கும் ஊத்துறாக" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவனுக்குச் சுருக்கென்று இருந்திருக்கிறது. ஸ்பானரை எடுத்து, ஓஸில் சொட்டு வராத அளவுக்கு முறுக்கிவிட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீங்க அவள வையப் போவீக."

போயிருப்பேன். அது உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

திருகைத் தளர்த்தினேன். ஓஸை வாய்க்காலிலிருந்து இழுத்துத் தொட்டிக்குள் விட்டேன். பம்பை மாட்டியவன் அன்றைக்கே அப்படி விட்டிருக்கலாம், எவன் யோசித்தான். கன்னை மூடியதும் எஞ்சின் ஒரு மூச்சு முக்கியது. நிற்கவில்லை. ஓஸ் வழியாகத் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. மச்சினன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நான் தொட்டியைப் பார்த்தேன். முழங்கால் அளவுகூட இல்லை.

மறுநாள் காலையில் பஸ்கள் வந்தன. ஒன்றைக் கழுவி முடித்தோம். அடுத்ததற்கு ஒரு பக்கம் சோப்புப் போட்டிருந்தோம், தொட்டி தீர்ந்தது. பெல்ட்டை மாற்றிக் கிணற்றில் இறைத்தோம். கலங்கலாகக் கொஞ்சம் வந்தது. அப்புறம் வெறும் காற்று. எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரிந்தது.

டிரைவர் பக்கத்தில் வந்து நின்று, ஊறுமா என்று கேட்டார். விடியும்வரை ஊறினால் ஒரு அண்டா வரும் என்றேன்.

"அப்ப நான் வாரேண்ணே. மொதலாளிக்குப் பதில் சொல்லணும்ல."

சோப்பு காய்ந்து வெள்ளையாகிப்போன பக்கத்தோடு பஸ் போனது. பின்னால் நின்றவையும் திருப்பிக்கொண்டு போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை.

பூஜையன்று கொட்டகைக்குப் போனோம். தொழில் செத்தாலும் மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் இருக்க முடியாது. கிணற்றடியில் ஊறியிருந்ததை வாளியில் மொண்டு எஞ்சினைத் துடைத்தோம். சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். மச்சினன் ஆசைப்பட்டு, பெல்ட் போடாமல் ஹேண்டிலைச் சுற்றினான். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பிசிறில்லாத ஓட்டம்.

"எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல மச்சான்" என்றான்.

"நிறுத்து மாப்ள" என்றேன். "டீசல் சும்மா போகுது."