அம்மாவின் ரத்தத்தில் ஓர் ஆம்பள

சனிக்கிழமை வந்த கடிதத்தைப் படித்ததும் அப்பா ஒரே ஒரு முடிவுதான் எடுத்தார். செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு நடக்கவிருந்த மார்பை எடுக்கும் ஆப்பரேஷன் வேண்டாம்.

என் அம்மா பெயர் குமுதா. வயது ஐம்பத்தொன்று. சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடம் உதிரிப் பழம் பொறுக்கியவர். குலை விழும்போது சிதறும் பழங்களைக் குனிந்து பொறுக்கி, சாக்கில் கட்டி, தோளில் சுமந்து ரோட்டோரம் கொண்டுவந்து போட வேண்டும். அந்தச் சாக்குகளை லோரியில் ஏற்றி எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோனவர் அப்பளசாமி, என் அப்பா. சாக்கு ஏற்றும் சாக்கில் பேச்சு வளர்ந்து கல்யாணத்தில் முடிந்தது. பிறந்தது மூன்றும் பெண். நான் கடைசி. ஒவ்வொரு பிரசவத்துக்கும் அப்பா 'லோகேஸ்வரன்' என்ற பெயரைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். மூன்று தடவையும் அந்தப் பெயருக்கு ஆள் வரவில்லை.

அம்மா எதற்கும் பதறாதவர். இப்போது ஒரு பாலர் பள்ளியில் சமைக்கிறார். போன மாதம் டாக்டர், இடது மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி, சீக்கிரம் எடுக்காவிட்டால் பரவிவிடும் என்றார். அம்மா சொன்ன பதில், "சரிங்க டாக்டர், தேதி சொல்லுங்க. லீவுக்கு எழுதிக் குடுக்கணும்." வீட்டுக்கு வந்து நான் அதை அம்மா குரலிலேயே பேசிக் காட்டினேன். அப்பா அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

பத்து நாளைக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்குக் கொஞ்சம் ரத்தம் கேட்டார்கள். அம்மா பாரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார். 'முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா' என்ற கட்டத்திலும் போட்டுவிட்டார். அந்த முடிவுதான் சனிக்கிழமை கடிதமாக வந்தது. உங்கள் ரத்தத்தில் ஆண் செல்கள் காணப்பட்டன என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது.

"பாத்தியா?" என்றார் அப்பா. "ஒங்கம்மா என்னா ஆம்பளையா? எவன் ரத்தத்தையோ எடுத்து இவ பேர ஒட்டிட்டானுங்க லா. ரத்தமே மாறிப் போச்சுன்னா, கட்டி ரிப்போட்டு மட்டும் ஒழுங்கா இருக்குமா? வேற எவனுக்கோ நோவு. இவளுக்கு ஒண்ணுமில்ல."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆஸ்பத்திரி கவுண்டரில் பெயர் கூப்பிடுபவர் மாதிரி மூக்கால், "மிஸ்டர் குமுதா, மிஸ்டர் குமுதா, மூணாம் நம்பர் ரூமுக்கு வாங்க" என்று கூப்பிட்டேன். எப்போதும் சிரிக்கும் அம்மா அன்று சிரிக்கவில்லை. அப்பா சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டே என்னிடம், "அந்த எடத்த மறுபடி படி" என்றார். படித்தேன். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை ஆப்பரேஷனை ரத்து செய்யவும் கூடவே நான்கு வார்த்தை திட்டவும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆய்வு அறையில் இருந்தவர் கைருன்னிசா என்ற இளம்பெண். அப்பா திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ரத்தம் மாறல அங்கிள். புள்ள வயித்துல இருக்கறப்ப அதோட செல்லு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துடும். பொறந்த பின்னாடியும் தங்கிடும். இருபது, முப்பது வருசம்கூட இருக்கும். பையன்னா அது ஆண் செல்லு, ஈசியா கண்டுபிடிச்சிடலாம்."

"எங்களுக்கு மூணும் பொட்டப்புள்ள."

"கலைஞ்சு போன கர்ப்பமா இருந்தாலும் தங்கும். வேற வழியிலயும் வரலாம், ரத்தம் ஏத்துனா வரலாம். ஆனா கட்டிய டெஸ்ட் பண்ணது வேற லேப். அது ஆன்ட்டியோட கட்டிதான்."

"ஒண்ணு கலைஞ்சிச்சு," என்றார் அப்பா. "ரெண்டாவதுக்கு அப்புறம். அது வெறும் ரத்தக்கட்டி. இல்ல குமுதா?"

அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தக்கட்டி இல்லங்க. அஞ்சு மாசம். பையன்."

அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்க லோரியோட கிளந்தான் போயிருந்தீங்க. அன்னிக்கும் சாக்கு தூக்குனேன். மத்தியானமே வலி வந்துடுச்சு. தோட்டத்துல பதினேழாம் பீல்டு வாய்க்கா ஓரத்துல, கூட பழம் பொறுக்குன அன்னம்மா அக்காதான் குழி தோண்டி மூடுனாங்க. யாருக்கும் சொல்லாதீங்கன்னு அவங்க கைய புடிச்சிக் கேட்டேன்."

"எங்கிட்டகூடவா சொல்லல?"

"லோரிய விட்டு எறங்கறப்பவே லோகேஸ்வரன் எப்படி இருக்கான்னு கேட்டுக்கிட்டே வந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்து நான்கு வருடம். அதற்கு அடுத்த வருடம் பிறந்தவள் நான். அவன் தங்கியிருந்தால் நான் இல்லை.

அம்மா கைருன்னிசாவைப் பார்த்தார். "இந்தக் கட்டி அவனாலயா வந்திச்சு?"

"தெரியாது ஆன்ட்டி. இந்த செல்லு இருக்கறவங்களுக்கு மார்புப் புத்து கொறைவா வருதுன்னு சில ஆய்வு சொல்லுது. கட்டிக்குள்ளயே அத பாத்ததா வேற சிலது சொல்லுது. காப்பாத்துதா, கெடுக்குதா, சும்மா இருக்குதா, இன்னும் யாருக்கும் சரியா தெரியல. அதுக்குத்தான் ஒங்ககிட்ட ரத்தம் கேட்டோம்."

அம்மா தலையாட்டினார். மெதுவாகக் கேட்டார்.

"மார எடுத்துட்டா அவனும் போயிடுவானா?"

அப்பா நிமிர்ந்தார். கைருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க கையிலேருந்து எடுத்த ரத்தத்துலதான் பாத்தோம் ஆன்ட்டி. மார்ல பாக்கவே இல்ல."

அம்மா வலது கையைத் திருப்பி, ரத்தம் எடுத்த இடத்தைப் பார்த்தார். அங்கே இன்னும் லேசாகக் கன்றியிருந்தது. அதை விரலால் தொட்டார். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு வர்றேன்மா. எத்தன மணிக்கு?"

"ஏழு மணிக்கு ஆன்ட்டி. தண்ணிகூடக் குடிக்காம வரணும்."

ரத்து செய்வதைப் பற்றி அப்பா பேசவே இல்லை. கார் வரைக்கும் எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தார். அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு, கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"பாத்தியா அவன? யாரு மாதிரி இருந்தான்?"

"ஒங்க நெத்தி," என்றார் அம்மா. "ஏறுங்க. காலையில அஞ்சு மணிக்கே கெளம்பணும்."