மாமாவின் பத்துத் தப்பு

அந்த நோட்டு எண்பது பக்கம், கோடு போட்டது. அட்டையில் என் பெயருக்குக் கீழே, பாடம் என்ற இடத்தில் 'கதை' என்று எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் கதை இல்லை, பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவின் தம்பி கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் இன்ஜினியர். கல்யாணம் ஆகவில்லை; எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். பெங்களூருக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போனவர், ஒரு சுருக்குப் பை நிறையப் பகடைகளோடு திரும்பி வந்தார். நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம். அங்கே விடுதியில் கற்ற விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஒரே கதை மாதக்கணக்கில் நீளும்.

ஏப்ரலில், பள்ளி விடுமுறை விட்டதும், ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுத் தொடங்கினோம். பெரியம்மாவின் மகளும் இரண்டு மகன்களும் ஆட்டக்காரர்கள். அக்கா வைத்தியச்சி, பெரியவன் வில்லாளி, சின்னவன் திருடன். மூவரும் அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி, ஈரோட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றி, மேட்டுப்பாளையம் தாண்டி, மலைமேல் இருக்கிற ராஜாவிடம் கொண்டு சேர்க்க வேண்டும். எனக்கு எட்டு வயது. சின்னப் பிள்ளைக்குப் பாத்திரம் கிடையாது என்று மூவரும் தீர்மானித்தார்கள். நான் அழத் தொடங்குமுன் மாமா ஒரு வேலை கொடுத்தார். நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு முன்னால் போன வாரத்தை வாசிக்க வேண்டும்.

எழுதினேன். யாருக்கு எங்கே காயம், எத்தனை அம்பு மீதி, எந்தப் பாலம் எரிந்தது, சுங்கக்காரன் பெயர் என்ன. இரண்டாவது வாரம் மாமா அந்தச் சுங்கக்காரனுக்கு வேறு பெயர் சொன்னார். நோட்டைப் பார்த்து, தப்பு என்றேன். கண்ணைச் சிமிட்டினார். நான் விழிப்பாக இருக்கிறேனா என்று சோதித்தாராம். சற்று நேரத்தில் கறுப்புக் குதிரையை வெள்ளை என்றார். அதையும் பிடித்தேன்.

"இந்த மாதிரி பத்துத் தப்பு கண்டுபுடிச்சுப்போட்டயின்னா உனக்கும் ஒரு ஆளு தாரேன் கண்ணு."

"நெசமாலுங்களா மாமா?"

"நோட்டுல எழுதிக்க."

கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, இரண்டையும் எண் போட்டு எழுதினேன்.

மே மாதம் முழுக்க மாமா ஒரு தப்பும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. பள்ளி திறந்த பிறகுதான் மூன்றாவது கிடைத்தது. எரிந்துபோன பாலத்தின்மேல் வண்டியை ஓட்டச் சொன்னார். அடுத்த வாரம், செத்துப்போன காவல்காரன் வந்து வழி மறித்தான். ஒரு வாரம், நான்காவது ஆட்டக்காரன் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். இன்னொரு வாரம், இருபது முகப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே அதை மேஜையெல்லாம் தேடினார். இப்போதெல்லாம் அவர் கண்ணைச் சிமிட்டுவதில்லை என்பதையும் கவனித்தேன். நடிப்பில் தேறிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். மாமா இவளுக்கு வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறார் என்று சின்னவன் பொருமினான்.

ஒன்பது ஆயிற்று. ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறு. வண்டி மலைப்பாதையில் பாதி ஏறியிருந்த இடம்வரை வாசித்து முடித்தேன். மாமா நெற்றியை அழுத்திப் பிடித்தபடி இருந்தார். பிறகு, "அந்தியூர்ச் சந்தைக்கு விடியக்காலம் மூணு பேரு வந்து சேர்ந்தாங்க" என்று ஆரம்பித்தார். அது முதல் வாரத்தின் முதல் வரி. அடுத்த வரியும் அன்று சொன்னதேதான். நான் முதல் பக்கத்தைத் திருப்பி வைத்துச் சரிபார்த்தேன். ஒரு சொல் மாறவில்லை. பையன்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். மேஜைக்கடியில் அக்கா என் காலை மிதித்தாள்.

"பத்துங்க மாமா" என்றேன்.

"பேசாம இரு அம்மணி" என்றாள் அக்கா.

மாமா நோட்டை வாங்கினார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் ஒவ்வோர் எண்ணிலும் நின்று நின்று இறங்கியது.

"இத்தனையும் நானா சொன்னேன்?"

"ஆமாங்க."

"செரி. பத்து ஆயிப்போச்சு. உன்ற ஆளு யாருன்னு சொல்லு."

குதிரைக்காரி என்றேன். அடுத்த வாரம் மலைப்பாதையில் அவள் எதிரே வருவாள் என்றார்.

அடுத்த வாரம் ஆட்டம் நடக்கவில்லை. மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார். எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டாராம். அப்பா ஒரு மாதம் என்றார். அம்மா வெயில் காலத்திலிருந்தே தலைவலி என்றாள். பெரியம்மா பெங்களூர்த் தண்ணீர்மேல் பழி போட்டாள். வீட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அக்கா சொல்லி, அம்மா வந்து நோட்டைக் கேட்டாள். டாக்டரும் விளையாடப் போகிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் மாமா மொட்டைத் தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். நோட்டும் வந்தது. கடைசிப் பக்கத்தில் டாக்டர் நீல மையில் டிக் போட்டிருந்தார். எண்ணினேன். எட்டுதான் இருந்தது, முதல் இரண்டுக்கு இல்லை. மாமாவின் மூளையில் வளர்ந்த கட்டியைப் பற்றி அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பத்துக்கு எட்டு மார்க்தான் கிடைத்தது என்பது.

கட்டிலில் சாய்ந்திருந்த மாமாவிடம் போய் முறையிட்டேன்.

"மொதல் ரெண்டும் நான் வேணும்னே சொன்னது கண்ணு. டாக்டருகிட்ட நாந்தான் சொல்லிப்போட்டேன். அது கணக்குல வராது."

அப்படியென்றால் பத்து ஆகவில்லை. என் குதிரைக்காரி ஆட்டத்தில் இல்லை. எனக்கு உதடு பிதுங்கியது. மாமா பேனாவை வாங்கி, வாத்தியாரைப் போல அந்தப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார்.

கூடத்துக்கு வந்து பார்த்தேன். ஏப்ரல் என்று போட்டிருந்தார்.

அவரிடம் சொல்லவில்லை. பழைய எண்களை ரப்பரால் அழித்து, பாலத்தை ஒன்று என்று மாற்றி, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்து, கடைசியில் அந்தத் தேதியை ஒன்பதாவது தப்பாக எழுதினேன். இன்னும் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது.