சவுக்காரத்தால் எழுதிய மந்திரம்

எட்டு வயதாகியும் நான் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. செல்லத்தால் அல்ல. மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. ஊன்றினால் கணுக்கால் பக்கவாட்டில் மடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் இரும்பில் ஒரு கால்தாங்கி தந்தார்கள். அது என் காலைவிடக் கனம். மூன்று நாள் இழுத்துத் திரிந்தேன். நான்காம் நாள் தோணியில் வாவியைக் கடக்கும்போது மெல்லக் கழற்றித் தண்ணீருக்குள் விட்டேன். கழன்று விழுந்துவிட்டதென்று அழுதும் காட்டினேன். அழுகை என்னவோ நன்றாகத்தான் வந்தது.

உலக யுத்த காலம், இன்னொன்று இப்போதைக்குக் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. பக்கத்து வளவுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், வழியில் பொறுக்கிய நாவற்பழத்தால் நாக்கு ஊதாவாகித் திரும்பி வருவார்கள். எனக்குப் படிப்பைவிட அந்த நாக்கின் மேல்தான் ஆசை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கொல்லர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்வட்டைகளுக்கு ஏர்க்கொழுவும் கத்தியும் அடித்துக் கொடுத்தவர், யுத்தத்தோடு வெள்ளைக்காரரின் விமானத்தளத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே உடைந்து கிடந்த விமானம் ஒன்றிலிருந்து விரல் அகலத்தில் மூன்று அலுமினியப் பட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தார். ஒன்றை என் கையில் தந்தார். கனமே இல்லை. அதைக் குதிகாலுக்குக் கீழே வளைத்து, இரண்டு பக்கமும் முழங்கால்வரை ஏற்றி, தோல்வாரால் கட்டினால் நான் நடப்பேன் என்றார்.

இரும்புக்குப் பழகிய கை அது. முதல் பட்டையைப் பட்டடையின் விளிம்பில் வைத்து ஓங்கி அடித்து மடக்கினார். மூலையில் மயிரிழையாய் ஒரு வெடிப்பு ஓடியது. அடுத்த அடியில் இரண்டு துண்டு. சூடு காட்டாமல் மடக்கியதுதான் பிழை என்று இரண்டாவதை உலையில் வைத்தார். இரும்பென்றால் சிவக்கும், சிவந்ததும் எடுக்கலாம். துருத்தியை ஊதிக்கொண்டு மாமா சிவப்புக்காகக் காத்திருந்தார். அது சிவக்கவே இல்லை. வெள்ளையாகவே இருந்து, குறட்டால் தூக்கியதும் நடுவில் அறுந்து கரிக்குள் விழுந்தது. நான் வாவிக்குள் கிடக்கும் இரும்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிஞ்சிய ஒற்றைப் பட்டையை அவர் ஒரு கிழமை தொடவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரே எங்கள் அடுப்படிக்கு வந்தார்.

"அக்கா, ஒளிச்சு வெச்சிருக்கிற சவுக்காரத்த எடுங்க. உலக்கையையும் தாங்க."

அம்மாவுக்கு வந்ததே கோபம். சவுக்காரத்தைக் கண்ணால் காண்பதே அரிதான நாட்கள். "என்னடா, பட்டையக் குளிப்பாட்டிக் கலியாணம் கட்டிக் குடுக்கப் போறியா?" என்றாள். ஆனாலும் அரிசிப் பானைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

மாமா சவுக்காரத்தின் முனையால் பட்டையில் ஏதோ எழுதினார். இரண்டே எழுத்துகள், திரும்பத் திரும்ப, வளைக்க வேண்டிய இடம் முழுக்க. என்னவென்று கேட்டேன்.

"மந்திரம் புள்ள. எழுத்துக் கறுத்தா, சாமி உத்தரவு தந்திட்டார் எண்டு அர்த்தம். கறுக்காம எடுத்தா வெடிக்கும். கறுத்த பிறகும் விட்டா உருகிப் போகும்."

நான் கண் இமைக்கவில்லை. சிரட்டைக்கரி நெருப்புக்கு மேலே எழுத்துகள் மஞ்சளாகி, மண்ணிறமாகி, கரேலென்று கறுத்தன. "கறுத்திட்டு மாமா!" என்று கத்தினேன். அவர் சட்டென்று எடுத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். நன்றாக ஆறிய பிறகு பட்டடைப் பக்கமே போகாமல், உலக்கையின் உருண்டையில் வைத்து, சுத்தியல் தொடாமல், இரண்டு கையாலும் மெல்ல மெல்ல வளைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பட்டை நார்போல் வளைந்து கொடுத்தது. மாமா விரலால் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்துத் தடவ வைத்தார். வெடிப்பில்லை.

அப்பாடா என்று எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! வாவியில் போட்ட பாவம் அதோடு தீர்ந்தது என்றே நினைத்தேன். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், உடனே சவுக்காரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்தாள்.

பட்டையைக் காலில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன முதல் நாளே நாக்கு ஊதாவாகித்தான் வீடு திரும்பினேன். படிப்பு பின்னால் மெதுவாக வந்தது. ஒரு நாள் 'ட' வந்தது. சில நாள் கழித்து 'ந' வந்தது. சூடு அறிவதற்கு விமானத்தளத்து மெக்கானிக்குகள் சவுக்காரத்தால் வெறும் கோடுதான் இழுப்பார்கள் என்றும், மாமா அதை அவர்களிடம் கேட்டறிந்தார் என்றும் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் 'ந' வந்த அன்று, இரண்டு எழுத்தையும் சிலேட்டில் அருகருகே எழுதியதும் கை நின்றுவிட்டது. பட்டையில் கறுத்த அதே சோடி.

'நட' என்றிருந்தது.

மந்திரம் பட்டைக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.