கீழே சிஸ்டம் ஓடுகிறதா?

மதுரையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. யாருக்காவது நெட் வரவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய வேலைதான் என்றாலும், இதில் எனக்குப் பத்து வயதிலேயே அனுபவம் உண்டு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அக்கா இன்று சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருப்பதற்கு நான் அன்று செய்த ரிப்பேர்தான் காரணம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ரிப்பேரின் லட்சணம் இதுதான்.

பழனிசெட்டிபட்டியில் எங்களுடையது மாடி வீடு. கீழே பெரியப்பா குடும்பம், மேலே நாங்கள். ஓடைப்பட்டியில் இருந்த திராட்சைத் தோட்டமும் இரண்டு வீட்டுக்கும் பொதுதான். பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், சாப்பிடாமல் கொள்ளாமல் அடம்பிடித்துக் கீழே பிராட்பேண்ட் வாங்க வைத்தான். வாங்கிய கையோடு கீழ்வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்னொரு நெட்வொர்க் கார்டைச் செருகி, அதிலிருந்து ஒரு நீல வயரை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி, எங்கள் ஜன்னலுக்குள் இழுத்துவிட்டான். அம்மா அந்த வயரில் ஒருநாள் துண்டைக் காயப்போட்டு அவனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

நெட் முதலில் கீழ்வீட்டு மெஷினுக்கு வரும். அது எங்கள் மெஷினுக்குக் கொடுக்கும். அது அணைந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் கிடையாது. அண்ணன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது, நெட் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி எங்கள் கம்ப்யூட்டர் மேசையில் ஒட்டிவிட்டுப் போனான். முதல் வரி, கீழே சிஸ்டம் ஓடுகிறதா என்று கேள். இரண்டாவது, வயரைப் பிடுங்கிச் சொருகு. மூன்றாவது, ரீஸ்டார்ட் பண்ணு. நான்காவது, அப்போதும் வராவிட்டால் எனக்குப் போன் பண்ணு. அந்தத் தாளுக்கு அதிகாரி நான். படிக்கட்டில் நின்று, "பெரியம்மா, கம்ப்யூட்டர் ஓடுதா?" என்று கத்துவேன். "ஓடுது ஓடுது, தொட்டா கை சுடுது!" என்று கீழேயிருந்து பதில் வரும். பெரியம்மாவுக்கு அது என்றைக்காவது வெடித்துவிடும் என்று ஒரே பயம்.

அக்காவின் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பெரியப்பா மேலே வந்தார். உத்தமபாளையத்தில் நல்ல இடம், ரைஸ் மில் வைத்திருக்கிறார்கள், வருகிற தையில் அக்காவுக்குப் பதினெட்டு முடிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

"என்னைய ஒரு வார்த்தை கேக்காம எப்படிண்ணே குடுத்தீக? புள்ள மெட்ராஸ்ல போய்ப் படிக்கணும்ங்குது."

"படிச்சு?"

"படிச்சு என்னமும் ஆயிட்டுப் போகுது."

"அப்ப என் வாக்குக்கு இந்த வீட்ல மதிப்பு அம்புட்டுத்தான்" என்று பெரியப்பா எழுந்துவிட்டார். அம்மா கொண்டுவந்த காப்பி அப்படியே ஆறியது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. தோட்டத்திலிருந்து எங்களுக்கு வரவேண்டிய திராட்சைக் கூடை படிக்கட்டின் பாதியில் வைக்கப்பட்டது. பெரியம்மாவின் எவர்சில்வர் கிண்ணத்தை அம்மா கழுவித் துடைத்து அதே பாதிப் படியில் வைத்தார். கீழே போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அப்பா எனக்கு உத்தரவு போட்டார். என் தாளின் முதல் வரி அதோடு செல்லாமல் போயிற்று.

அக்கா மட்டும் கம்பம் ரோட்டில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்கு நடையாய் நடந்தாள். சென்னையில் அவள் ஆசைப்பட்ட கல்லூரிக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வரவும் ஸ்கேன் எடுக்கவும் இழுத்துக்கொண்டே போய், கடைசி நாள்தான் மிஞ்சியது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். பார்த்தால் அன்று பார்த்துக் கடையடைப்பு. பஸ் இல்லை, ஒரு கடை திறக்கவில்லை, பிரவுசிங் சென்டரின் ஷட்டரும் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்த அக்கா எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நெட் இல்லை என்று காட்டும் சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாரே தவிர, கீழே இறங்கி ஒரு வார்த்தை கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

நான் அம்மாவின் செல்லை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் நான்காவது வரியை நிறைவேற்றினேன்.

"அண்ணே, நெட் வரலண்ணே. இன்னைக்குத்தான் கடைசி நாளு. அக்கா அழுகுது."

"மொத வரியப் பாத்தியா?"

"கீழ போனா அப்பா காலை ஒடிச்சுருவாகளாம்."

"சரி, அஞ்சு நிமிசம் கழிச்சு வயரைப் பிடுங்கிச் சொருகு, வரும்" என்றான்.

பிடுங்கிச் சொருகினேன். வந்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று அடிக்க ஆரம்பித்தாள். பெயர், முகவரி, மதிப்பெண் என்று இரண்டு பக்கம் முடிவதற்குள் பொசுக்கென்று போய்விட்டது. திரையின் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எட்டிப் பார்த்தது. என்ன அது என்று அப்பா கேட்டார்.

"வயர் பிடுங்கியிருக்குன்னு போட்டிருக்குப்பா."

"யாரு பிடுங்குனா?"

"அதெல்லாம் போடலப்பா."

"அது வேற போடணுமாக்கும்? இங்கன நம்ம முனை சொருகித்தான் இருக்கு. இன்னொரு முனை யாரு வீட்ல இருக்கு?"

கம்ப்யூட்டரே சாட்சி சொல்கிறது, மறுத்துப் பேச என்ன இருக்கிறது? பெரியப்பாவா இப்படி என்று எனக்கு அழுகையாக வந்தது. பத்து நிமிடத்தில் தானாக நெட் வந்தது. விட்டதிலிருந்து தொடர முடியவில்லை, முதல் பக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னது. அடித்தாள். நெட் வேகம் அன்று நத்தையாக இருந்தது. பன்னிரண்டரை மணிக்குப் போட்டோ ஏறிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் போயிற்று, மறுபடியும் அதே வரி.

அப்பாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. படிக்கட்டின் மேல்படியில் போய் நின்றார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "வேணாம்னா நேருக்கு நேர் வந்து வேணாம்னு சொல்லணும். மறைஞ்சிருந்து வயரைப் பிடுங்குறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பெரியம்மா முந்தின நாள் ஓடைப்பட்டிக்குப் போனவர், பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா மட்டும்தான் வீட்டில் இருந்தார்.

நான் அதற்குள் இன்சுலேஷன் டேப்பை எடுத்து வயரின் முனையை மெஷினோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றினேன். சுற்றி முடிக்கவும் நெட் வரவும் சரியாக இருந்தது. "உறைச்சிருக்கு" என்றார் அப்பா, தன் சத்தத்தைச் சொல்லி. இல்லை, என் டேப்தான் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு நெட் போகவே இல்லை.

இரண்டு மணி வாக்கில் அக்கா என் காதோடு சொன்னாள். "கீழ போயி ஜன்னல்கிட்ட நின்னுக்க. திரும்பவும் பிடுங்க வந்தாகன்னா ஒரு சத்தங்குடு." அப்பா சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பூனை மாதிரி இறங்கிப்போய்க் கீழ்வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

பெரியப்பா பனியனோடு கம்ப்யூட்டர் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டு, அதில் தயிர்ச் சோறு. வலது கையால் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டே இடது கையால் மவுஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒன்றுமே இல்லை. வெறும் மலைப் படம், அதன் மேல் அம்புக்குறி சுற்றிச் சுற்றி வந்தது. செக்கு மாடு மாதிரி அது சுற்றுவதையே அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பினார். அப்போதும் இடது கை நிற்கவில்லை.

"என்னத்தா?"

"சும்மா, பெரியப்பா."

"மேல வருதா?"

"என்னது?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "தண்ணி. டேங்குத் தண்ணி வருதான்னு கேட்டேன்."

"வருது பெரியப்பா."

"அப்பச் சரி. போ ஆத்தா, வெயில்ல நிக்காத."

நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன். பிடுங்க வரவில்லை என்று அக்காவிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? பெரியப்பா தயிர்ச் சோறு தின்றுகொண்டே இடது கையால் மவுஸைச் சுற்றிச் சுற்றி விளையாடுகிறார் என்று எல்லோர் முன்னாலும் நடித்தே காட்டினேன். அக்கா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"இங்கன ஒரு புள்ளைக்கு உசுரு போயி உசுரு வருது, அங்கன அவுகளுக்கு வெளாட்டு கேக்குதாக்கும்" என்றார். சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

நான்கே கால் மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, திரையில் ஒரு நம்பர் வந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதமே அப்பா மேலே தனியாக ஒரு இணைப்பு வாங்கிவிட்டார். அந்த நீல வயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அக்காவுக்கு அந்தக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. அவள் கிளம்பிய அன்று பெரியப்பா விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டார். அண்ணனுக்குக் கல்யாணம் பேசும்வரை அப்பாவும் அவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் அளந்துதான் பேசினார்கள்.

போன வருடம் எங்கள் அலுவலகக் கிளை ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நெட் போய்விடுகிறதாம். யாரும் தொடாவிட்டால் மெஷின் தூங்கிவிடும்படி வைத்திருக்கிறார்கள், வந்து மாற்றித் தருகிறேன் என்றேன். "நான் வர்ற வரைக்கும் மவுஸை மட்டும் அசைச்சுக்கிட்டே இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பெரியப்பாவின் இடது கை நினைவுக்கு வந்தது.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இப்பத்தான் தெரியுதா ஒனக்கு?" என்று சிரித்தான். "அம்மா சூடாகுதுன்னு பயந்துச்சேன்னு நான்தான் அப்படி வச்சுட்டு வந்தேன். அன்னைக்கு நீ போன வச்சதும் அப்பாவக் கூப்புட்டேன். ஆன் பண்ணாக. கால் மணி நேரத்துல தூங்கிருச்சு. அது தூங்குனா மேல ஒங்க மெஷின்ல வயர் பிடுங்குன மாதிரித்தான் காட்டும். செட்டிங்ஸை மாத்துங்கப்பான்னா, இங்கிலீசுல்லடா இருக்குன்னாக. அப்ப மவுஸை ஆட்டிக்கிட்டே இருங்க, விட்டா தூங்கிரும்னேன். ஒரு தடவ குளிக்கப் போயிட்டு வாறதுக்குள்ள தூங்கிருச்சு. சித்தப்பா கத்துனதும் அவுக காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்லையாம்."

"என்கிட்ட ஏன்ணே சொல்லல?"

"வாக்குக் குடுத்த எடத்துக்குத் தெரிஞ்சா மானக்கேடு, மேலயும் மூச்சு விடாதன்னாக."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "காலையிலருந்து நாலேகால் வரைக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பெரியப்பாவைப் பார்க்கப் படியிறங்கினார். நான் கூடப் போகவில்லை. எனக்கு அந்த ஜன்னல்தான் கண்ணில் நின்றது. கீழே சிஸ்டம் ஓடுகிறதா என்று கேட்கச் சொல்லி அண்ணன் எழுதியிருந்தான். அன்று வீட்டில் அதை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்த்துவிட்டு வந்து, விளையாடுகிறார் என்று சொன்னவளும் நான்தான்.