சுல்தான் பாயின் மலை பங்களா

ஷார்ஜாவில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரை சுல்தான் பாய், வடக்கே ராஸ் அல் கைமா மலையில் தனக்கு ஒரு பங்களா இருப்பதாக ஊருக்கெல்லாம் எழுதிவிட்டார். அதைப் படம் பிடித்து அனுப்பத்தான் இந்த வெள்ளிக்கிழமை வெயிலில் என்னையும் என் கேமராவையும் இழுத்து வந்திருக்கிறார். பங்களா என்பது கல்குவாரியில் கழித்துப்போட்ட தகர கேபின். ஜன்னலில் ஏசி உண்டு, கரண்ட் கிடையாது. இப்போது கேபினும் இல்லை.

"போன வாரம் இங்கதான் தம்பி இருந்துச்சு" என்கிறார், கையில் சாவியோடு.

குவாரியின் வாட்ச்மேன், ஒரு பாகிஸ்தான் பட்டாணியர், கீழே கை காட்டுகிறார். அடியில் இருந்த பாறையை உடைக்க வேண்டுமென்று கேபினை கிரேனில் தூக்கிக் கீழே வைத்துவிட்டார்களாம். "பஹாட் கலாஸ்" என்கிறார். மலை முடிந்துவிட்டது.

எனக்கு மண்டை காய்கிறது. பாயோ குஷியாக இறங்கிப்போய், பூட்டைத் திறந்து, கேபின் வாசலில் நின்று தலை சீவிக்கொள்கிறார்.

"படத்துல மலையும் தெரியணும் தம்பி."

"மலை எங்க பாய் இருக்கு?"

பக்கத்தில் கல் ஏற்றி நிற்கும் லாரியைக் காட்டுகிறார்.

"அதுதான் நம்ம மலை. சேத்து எடுங்க. நாளைக்கு துபாய் போயிரும்."