சட்டைக்கைக்கு மேல் ஒரு பட்டை

பதினொரு வருஷமாக அவள் எடை மெஷின்களுக்கான சர்க்யூட் போர்டுகளில் சிப் பற்றவைத்துவந்தாள். எந்நேரமும் லென்ஸுக்குக் கீழே குனிந்தே இருப்பதால் பட்டறையில் அவளுக்குப் பெயர் ‘பூதக்கண்ணாடி’. தங்கையையும் அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். இருவருக்கும் ஒரே மேஜை. தங்கை சிப்பை எடுத்துப் பொருத்துவாள், அக்கா பற்றவைப்பாள்.

வேலை நேரத்தில் ஆளுக்கொரு பட்டையை மணிக்கட்டில், தோலோடு ஒட்டிக் கட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகும். உடம்பில் சேரும் மின்சாரம் அதன் வழியே சத்தமில்லாமல் இறங்கிவிடும். அந்த வறண்ட குளிர்மாதத்தில் பட்டையின் உலோகம் பட்டுப் பட்டு அக்காவின் மணிக்கட்டு புண்ணாகிவிட்டது. காலையில், பட்டை தோலில் பட்டிருக்கிறதா என்று பார்க்க வாசலில் இருக்கும் சோதனைப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும்வரை பல்லைக் கடித்துக்கொள்வாள். மேஜைக்கு வந்ததும் நைலான் ஸ்வெட்டரின் கைக்கு மேல் பட்டையை ஏற்றிவிட்டுக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு ஒழுங்காகக் கட்டியதுபோலத்தான் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, விற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இங்கே சோதித்தபோது நன்றாக ஓடியவைதான். எல்லாம் அந்த மேஜையில் செய்தவை. சூப்பர்வைசர் இருவரையும் கூப்பிட்டார்.

“நடந்தா, துணி உரசினா, உடம்புல சார்ஜ் ஏறும். போறதுக்கு வழி இல்லன்னா அங்கயே தங்கிடும். நமக்குச் சுருக்குன்னு தெரியணும்னா மூவாயிரம் வோல்ட்டாவது வேணும். இந்தச் சிப்பு பழுதாக நூறே போதும், இங்க ஓடிட்டு கொஞ்ச நாள்ல செத்துடும். தொட்டவங்களுக்கே தெரியாது. உங்கள்ல யாரு பட்டை கட்டல?”

அக்கா ஸ்வெட்டர் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

“நான் தினமும் கட்டுறேன் சார்,” என்றாள் தங்கை. சேர்ந்து நாலே மாதம் ஆனவள் என்பதால் சந்தேகம் அவள்மேல்தான் விழுந்தது. மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஒருத்திக்காவது வேலை மிஞ்சட்டும் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தங்கை அழவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜைத் திறக்குமுன் சுவரைத் தொட்டாள். அம்மாவின் ரேடியோ பக்கமே போகவில்லை. “பட்டை கட்டியும் இறங்கலன்னா, என் உடம்புலதானக்கா ஏதோ கோளாறு?” என்று கேட்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையை நீட்டியபோது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அதற்குமேல் அக்காவால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையிடம் புண்ணைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கை மடிப்பதை நிறுத்தவில்லை. “மூணு வாரம் ஆச்சு. பைத்தியக்காரி மாதிரி செவுத்தத் தொட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். நீ பாத்துக்கிட்டுதான இருந்த?”

“பயந்துட்டேன்டி.”

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. என்னையே பாத்து.”

மறுநாள் அக்கா சூப்பர்வைசரிடம் போய் ஒப்புக்கொண்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். “புண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உறுத்தாத வேற பட்டை குடுத்திருப்பேனேம்மா,” என்றார். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். தங்கையைத் திரும்ப வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினார். தங்கை அதைப் படித்துவிட்டு அம்மா கையில் கொடுத்தாள். அந்த வாரமே வேறு ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை தேடிக்கொண்டு, விடுதிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் வரும். அக்கா பக்கத்தில் வந்து உட்காருவாள். “இவகிட்ட குடுக்கட்டுமா?” என்று அம்மா கேட்டுப் பார்ப்பாள். பிறகு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அங்கே மழை உண்டா, சாப்பிட்டாயா என்று வேறு எதையாவது பேசுவாள்.