ஒரு ரூபாக் குத்தியும் கத்தார் டிக்கெட்டும்

இன்று நெடுங்கேணியில் பலசரக்குக் கடைக்குப் போயிருந்தேன். மிச்சக் காசுக்குக் கடைக்கார அண்ணை ஒரு டொபியை நீட்டினார்.

“டொபி வேண்டாம் அண்ணை, ஒரு ரூபாக் குத்தியாத் தாங்கோ. பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்க வேணும்.”

மஞ்சள் துணியில் ஒரு ரூபா நாணயத்தை முடிந்து சாமிப் படத்தடியில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கேட்டது நடந்தால் அதை அவிழ்த்துக் கோயில் உண்டியலில் போடுவோம்.

மேசையின் காசு லாச்சியை இழுத்துக் கிண்டிப் பார்த்துவிட்டு அண்ணை சிரித்தார்.

“அது இப்ப எங்க வருது தங்கச்சி? ஒரு ரூபாக் குத்தி அடிக்க ஒரு ரூபாவுக்கு மேல செலவாம். ஆருக்குக் கட்டுப்படியாகும்? அஞ்சு ரூபாவை முடிஞ்சு வையுங்கோவன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் கத்தாரிலிருந்து என் கணவர் போனில் இதே கணக்கைச் சொல்லியிருந்தார்.

“ஒரு மாச லீவுக்கு டிக்கெட் போட்டு வந்து போறது கட்டுப்படியாகாதப்பா. அடுத்த வருசம் பாப்பம்.”

போன வருடமும் இதையேதான் சொன்னார். நான் “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருக்கென்று காயவைத்த மோர் மிளகாயைப் போத்தலில் போட்டு மூடினேன்.

கடையில் டொபியை வாங்காமலே வந்துவிட்டேன்.

யாருடைய அலுமாரி மூலையிலாவது ஒரு ரூபாக் குத்தி கிடந்தால் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். முல்லைத்தீவு என்றாலும் பஸ் ஏறி நானே வந்து வாங்கிக்கொள்வேன்.

எனக்குக் கட்டுப்படியாகும்.